தண்ணீர்த் தீர்த்தமும் வெந்நீர்த் தீர்த்தமும்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரத்துக் கோயிலின் குளத்திற்கு யமதீர்த்தம் என்று பெயர். முனிவர் சாபத்தால் மேனியெல்லாம் எரிந்த யமன் இதில் மூழ்கி எரிவு நீங்கினான் என்பது தலவரலாறு. வெயில் காயும் சோழநாட்டார் குளிர்ந்த நீரையே மருந்தாகக் கருதியது இயல்பேயாம்.

பனிமூடிய ஆல்ப்ஸ் மலைநாட்டார்க்கோ வெந்நீரே மருந்து. சுவிட்சர்லாந்து தேசத்து லாய்க்கர்பாத் என்னும் சிற்றூரில் 51 பாகை வெப்பத்துடன் நீர் ஊறுகின்றது. மலைமேற் பெய்த மழையும் உருகிய பனியும் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்திற் சென்று, பூமியின் உட்சூட்டை ஏற்று மீள்கின்றன; இதற்கு எரிமலை வேண்டுவதில்லை. மூட்டுவலியுடையார் அந்நீரில் நெடுநேரம் அமர்ந்திருப்பர்.

தமிழர்க்கும் வெந்நீரூற்று உண்டு. ஈழத்துத் திருகோணமலைக்கு அணித்தேயுள்ள கன்னியாவில் ஏழு கிணறுகள் உள. தன் அன்னைக்கு ஈமக்கடன் ஆற்றும்பொருட்டு இராவணன் நிலத்தைக் குத்தி அவற்றை உண்டாக்கினான் என்பர். அதனால் மாண்டார்க்கு நீர்க்கடன் செய்வோர் அங்கே செல்வாராயினர். யமன் வெப்பந் தணிந்தது நம்மூர். யமனுலகு சென்றார்க்கு வெந்நீர்த்துறை அவ்வூர். யாம் வியந்தது இப்பொருத்தமே. அக்கிணறுகள் ஆழமில்லாதன, ஒவ்வொன்றின் சூடும் சிறிது வேறுபடும். மூழ்குவாரில்லை, வாளியால் மொண்டு தலையில் வார்த்துக்கொண்டு அடுத்த கிணற்றிற்குச் செல்வர்.