புது டாக்டரிடம் போகுமுன்

மகனுக்குத் தஞ்சாவூரிலிருந்து கோயம்புத்தூருக்கு மாற்றலான சமயத்தில், வீடு பார்ப்பதும் பள்ளிக்கூடம் விசாரிப்பதுமாக எல்லோரும் அலைந்துகொண்டிருந்தார்களே தவிர, பேத்தியை இனி எந்த டாக்டரிடம் காண்பிப்பது என்ற பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. ஜுரம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது பொது அபிப்பிராயம். எனக்கு அது சம்மதமாகப் படவில்லை. ஒரு வயதில் அவளுக்கு ஜுரத்தோடு வலிப்பு கண்டதும், ஒரு மருந்தைக் கொடுத்த மறுநாளே உடம்பெல்லாம் தடித்துப்போனதும் பழைய டாக்டருக்கு நாம் சொல்லாமலே தெரியும். புதியவருக்கோ நாம் வாய் திறந்து சொல்கிற அளவுதான் தெரியும். அதையும், கொதிக்கிற குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு, டோக்கன் எண் கூப்பிடுகிற சந்தடிக்கு நடுவே வரிசை தப்பாமல் சொல்ல யாரால் ஆகும்? ஆகையால், குழந்தை சௌக்கியமாக இருக்கும்போதே, கூட்டம் குறைந்த முற்பகல் வேளையாகக் கேட்டுவைத்துக்கொண்டு, அவள் வயிறு நிறைந்து தூக்கமும் தெளிந்திருக்கிற நேரத்தில் ஒருமுறை போய்வருவது என்று பிடிவாதம் பிடித்தேன்.

காகிதங்களில் முதலாவது தடுப்பூசி அட்டை. எங்கள் வீட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தது ஒன்றும், தனியார் ஆஸ்பத்திரியில் கொடுத்தது ஒன்றுமாக இரண்டு இருந்தன, இரண்டையும் எடுத்துக்கொண்டோம். ஒன்பதாம் மாதத்தில் அரசாங்கப் பட்டியலின்படி போடுவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான ஊசி. தனியார் இடங்களில் அதோடு பொன்னுக்குவீங்கிக்கும் சேர்த்துப் போடுவதுண்டு. சின்னம்மை ஊசியோ அரசாங்கப் பட்டியலிலேயே கிடையாது. எனவே, “எல்லா ஊசியும் போட்டாயிற்று” என்று நாம் பெருமையாகச் சொல்வதனால் டாக்டருக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. பிரசவ ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியும், அவ்வப்போது எடை குறித்த சீட்டுகளும் கூட இருந்தால் நல்லது. பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரட்டிப்பதும், ஒரு வருஷத்தில் மும்மடங்காவதும் சாதாரணமாகையால், இன்றைய எடையைவிட எடை ஏறிவந்த வரிசைதான் டாக்டருக்கு விஷயத்தைச் சொல்லும்.

மருந்து விஷயத்தில் சற்று நின்று சொல்லவேண்டியிருக்கிறது. வீட்டிலிருக்கிற ஜுர மருந்துப் புட்டியை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போவதே உசிதம்; “அந்தச் சிவப்பு மருந்து, அரை மூடி” என்கிற வர்ணனை ஆபத்தானது. பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ளதும் கடையில் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் அடங்கியிருக்கும். குழந்தையின் எடையைக் கொண்டு அளவு சொல்லவேண்டிய ஒரு மருந்தில், புட்டி மாறி அளவு மாறாவிட்டால், கொடுத்தது பாதியாகவும் போகலாம், பல மடங்காகவும் போகலாம். எங்கள் புட்டியை வாங்கிப் படித்துப் பார்த்த புது டாக்டர், எடை ஏறியிருக்கிறபடியால் அளவை மாற்றி, அதைப் புட்டியின்மேலேயே எழுதிக் கொடுத்தார்.

கைமருந்துகளும் கணக்கில் சேர்ந்தவைதான். உரைமருந்தும், வயிற்று உப்புசத்துக்கு வசம்பும் நான் கொடுத்துவந்தவை. “இதையெல்லாமா சொல்றது அத்தை? திட்டுவாரே” என்று மருமகள் சங்கோசப்பட்டாள். “திட்டினா என்னைத் திட்டட்டும், நீ சொல்லிடு” என்றேன். அவர் திட்டவில்லை, என்னென்ன சாமான், எத்தனை நாளாக என்று கேட்டு எழுதிக்கொண்டு, வசம்பை மட்டும் நிறுத்தச் சொன்னார், நிறுத்திவிட்டேன், கொஞ்சம் மனஸ்தாபத்துடன்தான்.

நாம் கண்டதைச் சொல்வது வேறு, நாமே வியாதிக்குப் பெயர் வைத்துக்கொண்டு போவது வேறு. ‘நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது’ என்பது தீர்ப்பு. இரவு படுத்த பிறகுதான் இருமுகிறாள், ஓடினால் மூச்சு இழுக்கிறது என்பது விவரம். மேலும், வீட்டில் விடிய விடியப் படுத்துகிற இருமல், டாக்டரின் முன்னால் போய் உட்கார்ந்ததும் மாயமாக மறைந்துபோகிற சுபாவமுடையது. ஆகவே அது வந்த நேரத்திலேயே கைபேசியில் பிடித்து வைத்துக்கொள்ளுமாறு மகனிடம் சொல்லியிருந்தேன். ஒரு நிமிஷ விடியோ, நாங்கள் மூவரும் சேர்ந்து பேசியதைவிட அதிகம் பேசிற்று.

குழந்தையைத் தயார் செய்வதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டியதில்லை. சேட்டை செய்தால் டாக்டர் மாமாவிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன் என்று வருஷமெல்லாம் பயமுறுத்திவிட்டு, அன்றைக்கு மட்டும் அவரைப் பார்த்துச் சிரி என்றால் எந்தக் குழந்தை சிரிக்கும்? முந்தின நாள் கரடிப் பொம்மையைப் படுக்கவைத்து, மார்பில் கரண்டியை வைத்துப் பார்த்து, வாயை ஆவென்று திறக்கச் சொல்லி விளையாடினோம். “ஊசி போடுவாங்களா பாட்டி?” என்றாள். “தெரியலடி கண்ணு, போட்டா கொஞ்சம் வலிக்கும், அம்மா மடியிலதான் இருப்பே” என்றேன். கழற்ற எளிதான பருத்திச் சட்டையே போதும். பொத்தான் வரிசையும் ஜரிகையும் அன்றைக்கு வேண்டாம். மடியிலேயே உட்காரவைத்து, மார்புச் சத்தத்தை முதலில் கேட்டுவிட்டு, காதையும் தொண்டையையும் கடைசிக்கு ஒதுக்கினார் அந்த டாக்டர். அழத் தொடங்கிய பிறகு மூச்சை எங்கே கேட்பது?

கிளம்புமுன், மறுபடி வலிப்பு வந்தால் என்ன செய்வது, கிளினிக் மூடிய பிறகு எங்கே கொண்டுபோவது என்ற இரண்டையும் கேட்டோம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் கடிகாரத்தைப் பார்க்கவேண்டும், ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐக் கூப்பிடவேண்டும் என்றார். இரவிலும் குழந்தை வைத்தியர் இருக்கிற ஆஸ்பத்திரியின் பெயரையும் சொன்னார். மருமகள் அவற்றை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். எழுத்து சிறிதாக இருப்பதால், என் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக இன்னொன்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.