நெடுநாள் நின்ற காரும் முதல் சில நொடிகளும்

மைசூரு–பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டி ‘பயணா’ கார் அருங்காட்சியகம் உள்ளது. தர்மஸ்தலத்தின் வீரேந்திர ஹெக்கடே திரட்டிய பழங்காலக் கார்களை அங்கே காணலாம். நம்மில் சிலர் வீட்டிலும், பிள்ளைகள் வெளிநாடு சென்றதால், உறை போர்த்திய கார் ஒன்று ஓராண்டாக நிற்கக்கூடும். சாவியைத் திருகி அதனை உடனே இயக்கலாமா என்பதை இங்கே ஆராய்வோம்.

ஓடும் எஞ்சினில், ஆயில் பம்ப் அழுத்தத்துடன் அனுப்பும் எண்ணெய், கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே மெல்லிய படலமாக நின்று உலோகங்கள் உரசாமல் காக்கிறது. எஞ்சின் நின்றதும் எண்ணெய் வடிந்து அடித்தொட்டியில் சேர்கிறது. சில வாரங்கள்வரை எஞ்சிய படலமே போதும். பல மாதங்கள் கடந்தால் சிலிண்டர் சுவர் காய்ந்து, மழைக்கால ஈரத்தால் துருவும் பிடிக்கலாம். அந்நிலையில் எஞ்சினை இயக்கினால், எண்ணெய் மேலேறி வருவதற்குள் தேய்மானம் நேர்கிறது.

ஆகவே, ஆறு மாதங்களுக்கு மேல் நின்ற பெட்ரோல் காருக்கு, தேர்ந்த மெக்கானிக் துணையுடன் பின்வரும் முறையைக் கையாளலாம்:

1. அளவுகோலை எடுத்து எண்ணெயைப் பார்க்க வேண்டும். பால் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது, எஞ்சினை இயக்கலாகாது. மற்றபடி, எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுவது நன்று.

2. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டுச் சில மணி நேரம் ஊறவிட வேண்டும்.

3. ஸ்பேனரால் கிராங்க் தண்டைக் கையாலேயே இரண்டு சுற்று மெல்லச் சுற்ற வேண்டும். இறுகியிருந்தால் வலிந்து திருப்பலாகாது.

4. எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, பிளக்குகள் இல்லாமலே ஸ்டார்ட்டரைப் பத்து நொடிக்கு மிகாமல், இடைவெளி விட்டு இயக்க வேண்டும். ஆயில் விளக்கு அணைந்தால் அழுத்தம் வந்துவிட்டது என்று பொருள்.

5. அனைத்தையும் பொருத்தி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் கிளப்ப வேண்டும். சில நொடிகளில் விளக்கு அணையாவிடில் உடனே நிறுத்திவிட வேண்டும்.

வாரந்தோறும் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவது பலரது வழக்கம். எஞ்சின் நன்கு சூடேறாததால் நீராவி எண்ணெயிலேயே தங்கிவிடுகிறது. மாறாக, அரை மணி நேரம் சாலையில் ஓட்டி வருவதே பயன் தரும்.

வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் ஏற்பதில்லை. பேரிங் பழுதானால் எஞ்சினைப் பிரித்துச் சீரமைக்கும் செலவு முழுதும் நம்முடையதே. அதனோடு ஒப்பிட்டால், புதிய எண்ணெய்க்கும் ஒரு நாள் பொறுமைக்கும் ஆகும் செலவு மிகச் சிறிது.