கதவைத் திறந்தவர் யார்?

நுழையும்முன்

ஒருவருடைய வீட்டுக் கதவை அவர் ஒப்புதலின்றித் திறப்பது தவறு என்பதை எவரும் மறுப்பதில்லை. அவருடைய கடிதம், கைரேகை, ஒளிப்படம், பயணம் ஆகியவற்றைப் பிறர் திறந்து பார்க்கும்போது அதே உறுதி பலரிடம் தளர்ந்துவிடுகிறது. உரிமையைப் பறிக்கும் கை ஒன்றாக இருக்கலாம். அதற்கு விளக்குப் பிடிக்கும் கைகள் பல. அந்தக் கைகளைப் பற்றிச் சிந்திக்கிறது இப்பாடம்.

அருவிக்கரையின் எழுதாச் சட்டம்

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத்தொடர்ச்சி மலையைத் தழுவும் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் பொழியும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றால அருவி எங்கும் மக்கள் திரள்வர். ஆண்களும் பெண்களும் நீராடத் தனித்தனி இடங்கள் உள்ளன. எனினும், அங்குப் பாதுகாப்பைத் தருவது தடுப்புக்கம்பி மட்டுமன்று. ஈர உடையுடன் கரையேறுபவரை உற்றுநோக்காமல் பார்வையை விலக்கிக்கொள்ளும் பண்பே அங்குள்ள உண்மையான மதில். பொதுவிடத்தில் நிற்பதால் மட்டும் ஒருவர் தம் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்பதை மக்கள் எழுதாச் சட்டமாகவே போற்றி வந்தனர்.

அம்மதிலில் கைப்பேசி எளிதில் துளையிடுகிறது. உடை மாற்றுதல் போன்ற அந்தரங்கச் செயலில் இருக்கும் பெண்ணை மறைந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம். அப்படத்தைப் பரப்புவதும் அதே பிரிவின்கீழ்க் குற்றமே. படம் எடுக்க ஒருவர் இசைந்திருந்தாலும் அதனைப் பிறருக்கு அனுப்ப இசையவில்லையெனில், அனுப்புவது குற்றம் என்றும் அப்பிரிவு தெளிவுபடுத்துகிறது. “எனக்கு வந்தது; நான் அனுப்பினேன்” என்பது சட்டத்தின்முன் விடையாகாது. எடுத்தவர் ஒருவர்; அதனை ஊரறியச் செய்தவர்கள் நூற்றுவர். அந்த நூற்றுவர் இல்லையெனில் அந்த ஒருவரால் விளையும் தீங்கு மிகச் சிறிதாகவே இருந்திருக்கும்.

கடையத்தில் ஒரு கவிஞர்

கண்காணிப்பு கைப்பேசியுடன் பிறந்ததன்று. இன்றைய தென்காசி மாவட்டத்திலுள்ள கடையம் அதற்குச் சான்று. 1908இல் புதுச்சேரிக்குச் சென்ற பாரதியார் அங்கு ஆங்கிலேய அரசின் ஒற்றர்களால் ஓயாமல் கண்காணிக்கப்பட்டார். செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுக்கொன்ற பின்னர் அக்கண்காணிப்பு மேலும் இறுகியது. அந்த ஒற்றர்களுள் பலர் கடல்கடந்து வந்தவர் அல்லர், இம்மண்ணிலேயே பிறந்தவர்கள்.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதியார் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். டிசம்பரில் அவர் விடுவிக்கப்பட்டபோது விடுதலையுடன் நிபந்தனைகளும் வந்தன. அவர் திருநெல்வேலி மாவட்டத்திலேயே தங்கவேண்டும்; எழுதுவனவற்றைக் காவல்துறையின் குற்றப் புலனாய்வு அதிகாரியிடம் காட்டிய பின்னரே வெளியிடவேண்டும். மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் அவர் வாழ்ந்த காலம் அத்தகையது. சிறைக்கதவு திறந்தது, சிந்தனையின் கதவில் மட்டும் காவல் நின்றது.

பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள்

கவிஞர் ஒருவரைக் கண்காணித்த அதே ஆட்சி, பல சமூகங்களையும் ஒட்டுமொத்தமாகக் கண்காணித்தது. 1871இல் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தி இயற்றப்பட்டபின் சென்னை மாகாணத்திலும் செயற்பட்டது. பிறப்பின் அடிப்படையிலேயே மக்கள் குற்றவாளிகளாகப் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுடைய கைரேகைகள் எடுக்கப்பட்டன. அதனாலேயே மக்கள் இதனை ‘ரேகைச் சட்டம்’ என்றழைத்தனர். பதிவு செய்யப்பட்டோர் தம் இருப்பிடத்தையும் வெளியூர்ப் பயணத்தையும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்து நின்ற மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது, பலர் உயிரிழந்தனர்.

ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் இச்சட்டத்தை எதிர்த்துப் போராடினர். எனினும், சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அது நீக்கப்பட்டது. ஏறத்தாழ 36 ஆண்டுகள் ஒரு கொடிய சட்டம் நிலைத்திருக்கத் துப்பாக்கி மட்டும் போதாது. ‘குற்றம் செய்பவர்களைத்தானே பதிவு செய்கிறார்கள்’ என்று பட்டியலுக்கு வெளியே இருந்தோர் கொண்ட எண்ணமும் அதற்கு வேண்டும். பிறருடைய உரிமை பறிபோவதைத் தம் பாதுகாப்பாகக் கருதும் சமூகம், அறியாமலேயே அப்பறிப்புக்குத் துணைநிற்கிறது.

“மறைக்க என்ன இருக்கிறது?”

“தவறு செய்யாதவர் எதற்கு அஞ்சவேண்டும்?” என்னும் வினா இன்றும் எழுகிறது. அஞ்சல் உறைக்குள் இருக்கும் கடிதம் குற்றம் என்பதால் ஒட்டப்படுவதில்லை. அது பெறுநருக்கு மட்டும் உரியது என்பதால் ஒட்டப்படுகிறது. மேலும், எது தவறு என்பதை முடிவு செய்பவர் பார்க்கப்படுபவர் அல்லர், பார்ப்பவரே. கடையத்துக் கவிஞரின் எழுத்து, பார்த்தவர்களின் கண்ணுக்குத் தவறாகவே தெரிந்தது.

பார்ப்பவர் அரசாக இல்லாமல் கூட்டமாக இருந்தாலும் இதே இடர் உண்டு. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற முதிய பெண் ஒருவர், குழந்தை கடத்துபவர் எனத் தவறாகக் கருதப்பட்டுக் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே அத்தகைய வதந்திகள் வாட்ஸ்அப்பில் பரவியிருந்தன. அவற்றை அனுப்பிய ஒவ்வொருவரும் ஊரைக் காப்பதாகவே எண்ணியிருக்கக்கூடும். அந்த நல்லெண்ணம் அப்பெண்ணைக் காக்கவில்லை.

நீதிமன்றம் வரைந்த எல்லை

1994இல் நக்கீரன் இதழ் ஆசிரியர் ராஜகோபால் தமிழ்நாடு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் முதன்மையான வேறுபாடு ஒன்றைக் காட்டியது. தம் குடும்பம், திருமணம், கல்வி போன்றவற்றில் குறுக்கீடின்றி வாழக் குடிமக்களுக்கு உரிமை உண்டு. ஆனால், அரசு அலுவலர்கள் தம் அலுவற்கடமை சார்ந்த செயல்களை அந்தரங்கம் எனக் கூறி விமரிசனத்திலிருந்து மறைக்க இயலாது. மக்களாட்சியில் குடிமக்களின் வாழ்வுக்குத் திரை வேண்டும். ஆட்சியின் செயலுக்கு வெளிச்சம் வேண்டும். இவ்விரண்டும் இடம் மாறும்போது உரிமை சிதைகிறது.

ஆதார் திட்டத்தை எதிர்த்து, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 2012இல் வழக்குத் தொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

தெரியுமா?

தனியுரிமையில் அரசு தலையிடுவதற்கு முறையான சட்டம் இருத்தல் வேண்டும். நியாயமான நோக்கம் இருத்தல் வேண்டும். தலையீடு அந்நோக்கத்திற்குத் தேவையான அளவைத் தாண்டாதிருத்தல் வேண்டும் என்பன புட்டசாமி வழக்கின் தீர்ப்பில் இடம்பெற்ற அளவுகோல்கள்.

குடிமக்களின் பங்கு

தீர்ப்பு அரசைக் கட்டுப்படுத்தும்; ஒவ்வொருவருடைய கட்டைவிரலையும் அது காவல் காக்க இயலாது. விடுதியிலோ கடையிலோ அடையாள அட்டையின் நகலைக் கேட்கும்போது, அது எதற்குத் தேவை, எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும் என வினவுதல் மரியாதைக்குறைவன்று. தோழியின் படத்தை அனுப்புமுன் அவளிடம் கேட்பது நட்புக்கு இழுக்கன்று. ஐயத்திற்குரியவர் என ஒருவருடைய முகம் குழுவில் வரும்போது அதனை மேலும் பரப்பாமல் நிறுத்துவது கோழைத்தனமன்று.

அவ்வாறு நிறுத்துபவருக்குப் பாராட்டுக் கிடைப்பதில்லை. சில நேரங்களில் ஏளனமே கிடைக்கும். ஆயினும், தமக்கு விருப்பமில்லாதவரின் உரிமைக்காகவும் பேசுபவர் ஒருவராவது இருக்கும் ஊரில்தான் எல்லோருடைய கதவும் பாதுகாப்பாக இருக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் கைப்பேசியிலுள்ள பிறருடைய ஒளிப்படங்களுள், அவர்தம் ஒப்புதலுடன் பெற்றவை எவை என வகைப்படுத்துக.

2. ‘பாதுகாப்புக்காகத் தனியுரிமையை விட்டுக்கொடுக்கலாமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.