வாப்பாவின் சிறுநீர்த் தொல்லை: மகன்மார் கற்க வேண்டிய பணிவிடை



நம் வீடுகளில் சில பெரியவர்கள் தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறார்கள். பயணம் போவதில்லை. ஜமாஅத் தொழுகைக்கு வருவதையும் மெல்ல நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால் "வயசாச்சு" என்று முடித்துவிடுவார்கள். பலருக்கு உண்மையான காரணம் புரோஸ்டேட் வீக்கம். வெட்கத்தால் அதை வெளியே சொல்வதில்லை.

நோய் என்ன?

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. பெரிய நெல்லிக்காய் அளவில், சிறுநீர்ப் பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது. 50 வயதுக்குப் பிறகு பலருக்கு இது பெரிதாகிக் குழாயை நெருக்கும். சிறுநீர் மெல்லியதாக வரும். நின்று நின்று வரும். முடிந்த பிறகும் சொட்டும். இரவில் பல தடவை எழ வேண்டியிருக்கும். சர்க்கரை நோயிலும் இப்படி வரலாம் என்பதால் பரிசோதனை அவசியம்.

வீக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையில் அளவு கூடினால் உடனே புற்றுநோய் என்று கலங்க வேண்டாம். வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும்கூட அது கூடும். சதைப் பரிசோதனைதான் புற்றுநோயை உறுதி செய்யும்.

சிறுநீர் முழுதும் அடைத்து அடிவயிறு உப்பினால் காலை வரை காத்திருக்காதீர்கள். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் கெடும். சில சளி மாத்திரைகளும் இந்த அடைப்பை உண்டாக்கும். மருந்துக் கடையில் முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள்.

டியூப் போட்டவரைப் பராமரிக்கும் முறை

1. டியூபைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
2. சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். தரையில் படக்கூடாது.
3. பை முழுதும் நிறையும் முன்பே காலி செய்யுங்கள்.
4. டியூப் மடங்காமலும் இழுபடாமலும் தொடையில் பிளாஸ்டர் ஒட்டி வையுங்கள்.
5. டியூப் நுழையும் இடத்தைத் தினமும் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பவுடர் போடாதீர்கள்.
6. இருதய நோயோ சிறுநீரக நோயோ இல்லையென்றால் தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள்.
7. டியூப் மாற்ற வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

டியூபை வீட்டில் யாரும் இழுத்து எடுக்கக் கூடாது. அதன் நுனியில் தண்ணீர் நிரப்பிய பலூன் உள்ளே இருக்கிறது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கட்டியாக இரத்தம், பையில் சிறுநீர் இறங்காமல் வயிற்று வலி, திடீரென்று பிதற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் டாக்டரைப் பாருங்கள்.

புற்றுநோய் என்றால்

இந்தப் புற்றுநோய் பலருக்கு மெதுவாகவே வளரும். ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இது அடங்கும் என்று 1941-இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ் 1966-இல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் அதே வழியில் ஊசி போடுகிறார்கள். ஊசித் தேதி தவறக்கூடாது. அதனால் உடல் சூடாவதும் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரலாம், எலும்பும் பலவீனமாகும். எனவே வழுக்கி விழாமல் பார்க்க வேண்டும். குளியலறை வழியில் இரவு விளக்கு எரியட்டும்.

நோய் எலும்புக்குப் பரவினால் முதுகு வலிக்கும். அத்தகையவருக்குக் கால் திடீரென்று பலமிழந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் நடக்க முடியாமலே போகலாம்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யும் நமக்குப் பக்கம்தான். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

தொழுகையை விட வேண்டாம்

தொடர்ந்து சொட்டுபவருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஷாஃபி மத்ஹபில், வக்து வந்த பிறகு சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, ஒவ்வொரு ஃபர்ளுக்கும் உளூச் செய்து தாமதமின்றித் தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ஒரு வக்துக்கு ஒரு உளூ போதும். டியூப் போட்டவர் தம் நிலையை இமாமிடம் சொல்லி விளக்கம் பெறட்டும்.

யார் செய்வது?

இந்தப் பணிவிடை பெரும்பாலும் வயதான உம்மாவின் தலையிலோ மருமகள் தலையிலோ விழுகிறது. மறைவிடத்தை மருமகள் கழுவும் நிலை வந்தால் வாப்பாவும் கூனிக்குறுகுவார், அந்தப் பெண்ணும் சங்கடப்படுவாள். இது மகன் செய்ய வேண்டிய வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் நாளில் நர்ஸிடம் நின்று கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். வளைகுடாவில் இருக்கும் மகன், பணம் அனுப்புவதோடு ஊரிலுள்ள தம்பியையோ மச்சானையோ இதற்கு ஏற்பாடு செய்யட்டும். விடுப்பில் வரும் நாட்களில் தானே செய்யட்டும்.

இன்று இஷாவுக்குப் பிறகு வாப்பாவிடம் தனியாக உட்கார்ந்து, "ராத்திரி எத்தனை தடவை எழும்புறீங்க?" என்று கேளுங்கள்.

அல்லாஹ் நம் பெரியவர்களுக்கு ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.

– செயலாளர்