மலைப்பெண்ணின் பங்கு: அரசிடம் கணக்குக் கேட்கும் வழி

மகளுக்கும் குடும்பச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. 2005இல் அது நாடு முழுமைக்கும் வந்தது. ஆனால் கொல்லிமலை குண்டூர் நாட்டின் மலையாளிப் பழங்குடிப் பெண்ணை இரண்டுமே தொடவில்லை. மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டால் ஒழிய இந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 2(2)இல் சொல்லிவிட்டது. சாமைக்குக் களையெடுத்து, மரவள்ளி பிடுங்கி, மிளகும் காப்பியும் பறித்துக் காட்டைக் காப்பாற்றியவளுக்குச் சட்டத்தில் பங்கில்லை. நிலம் வழக்கப்படி ஆண்மக்கள் பேருக்கே போகிறது.

உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் இந்த விலக்கை மறுபரிசீலனை செய்யும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. பழங்குடிப் பெண்களின் சமபங்குக்காக மத்திய அரசின் வழியே அறிவிக்கை பெற நடவடிக்கை எடுக்கும்படி, 2023 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாடு அரசுக்குச் சொன்னது. 2025 ஜூலையில், சத்தீஸ்கரின் கோண்டுக் குடும்ப வழக்கொன்றில், பெண் வாரிசுக்குப் பங்கு மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில், வாரிசுரிமைச் சட்டத்தைப் பழங்குடியினருக்கு நீதிமன்றமே நீட்டிவிட முடியாது என்பதையும் அது தெளிவாக்கியது. ஆகவே ஒவ்வொருத்தியும் வழக்காடி வெல்லலாம். எல்லோருக்கும் சேர்த்து வழி திறக்க வேண்டியது அரசு. அண்ணன் தம்பியோடு மல்லுக்கு நிற்பதற்கு முன்னால் அந்த அரசைக் கேட்போம். கேட்கும் முறை இது.

1. வீட்டுக் காகிதங்களைத் திரட்டுங்கள்

இ-சேவை மையத்தில் உங்கள் நிலத்தின் பட்டா, சிட்டா நகலை எடுங்கள். யார் பேர் இருக்கிறது, யார் பேர் இல்லை என்று பாருங்கள். குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் மனைவி, மகள்கள் பேரும் இருக்கவேண்டும். அது பங்கைத் தராது. நீங்கள் வாரிசு என்பதற்கு ஆதாரமாகும். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று யார் நீட்டினாலும், படிக்கச் சொல்லிக் கேட்காமல் கைநாட்டு வைக்காதீர்கள்.

வனநிலத்தில் பயிர் செய்பவர்களுக்கு நிலைமை வேறு. 2006 வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(4), மணமானவர்களின் உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பேரிலும் இருக்கவேண்டும் என்கிறது. பத்திரத்தில் உங்கள் பேர் விடுபட்டிருந்தால் அது சட்ட மீறல். அதைச் சரிசெய்யச் சொல்லி இன்றைக்கே எழுதிக் கொடுக்கலாம்.

2. தகவல் உரிமை மனு போடுங்கள்

வெள்ளைத்தாள் போதும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று வைத்தால் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லவேண்டிய கட்டாயமில்லை. பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை, தலைமைச் செயலகம், சென்னை 600 009.

"ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, சட்டம் ஆவணத்தைத்தான் தரச் சொல்கிறது. இப்படிக் கேளுங்கள்:

அ) பழங்குடிப் பெண்களின் சொத்துரிமைக்காகப் பிரிவு 2(2)இன்கீழ் அறிவிக்கை பெறுவது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் சொன்னதன்மேல் எடுத்த நடவடிக்கைகளின் கோப்பு நகல் தருக.
ஆ) மத்திய அரசுக்குக் கடிதம் அனுப்பியிருந்தால் அதன் நாள், நகல், வந்த பதிலின் நகல் தருக.
இ) அந்தக் கோப்பு இப்போது எந்த அலுவலரிடம், எந்த நாள் முதல் இருக்கிறது?

பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம்.

3. கிராமசபையில் தீர்மானமாக்குங்கள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராமசபை கூடுகிறது. ஒரு வாரம் முன்பே ஊராட்சித் தலைவரிடமோ, தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடமோ தீர்மான வரைவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

"குண்டூர் நாடு ஊராட்சிப் பழங்குடிப் பெண்களுக்குப் பரம்பரை நிலத்தில் ஆண்களுக்கு நிகரான பங்கு கிடைக்க, இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 2(2)இன்கீழ் அறிவிக்கை வெளியிடுமாறு தமிழ்நாடு அரசு மத்திய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என இக்கிராமசபை தீர்மானிக்கிறது."

சிற்றூர்கள் தள்ளித் தள்ளி இருக்கும் மலையில், பெண்களைக் கூட்டிச் சேர்ப்பதுதான் பெரிய வேலை. ஒவ்வொரு சுய உதவிக் குழுவும் தன் ஊர்ப் பெண்களை அழைத்துவரும் பொறுப்பை ஏற்கட்டும். பதிவேட்டில் தீர்மானம் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கத்தில் வேண்டாம். தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள்.

4. ஊர் கேட்கும் கேள்விக்குப் பதில் வைத்திருங்கள்

"பொண்ணுக்குக் கொடுத்தா நிலம் கீழ்நாட்டுக்காரன் கைக்குப் போயிடுமே?" என்று ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் கேட்பார்கள். அந்தப் பயத்தை ஒதுக்கிவிடக் கூடாது; மலைநிலம் கைமாறிப்போன வேதனை அதன் பின்னால் இருக்கிறது. ஆனால் ஆண் பேரில் மட்டுமே நிலம் இருந்த காலத்தில்தான் அதுவும் நடந்தது. பழங்குடி நிலம் வெளியாருக்குப் போகாமல் காக்கும் ஏற்பாடு தனியாக வேண்டும். அதையும் இரண்டாவது தீர்மானமாகச் சேருங்கள். பெண்ணின் பங்கும் மலையின் நிலமும் ஒரே மூச்சில் கேட்கப்படும்போது, ஆண்களும் உங்களோடு நிற்பார்கள்.

5. மேலே கொண்டுபோங்கள்

தீர்மானம் தானாகச் சட்டமாகாது. அதைச் சுமந்துபோக ஆள் வேண்டும். திங்கட்கிழமை நாமக்கல் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். சேந்தமங்கலம் பழங்குடியினருக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதி. சட்டமன்றத்தில் இதைக் கேட்க உங்கள் உறுப்பினருக்குக் கடமை உண்டு. அறிவிக்கை வெளியிடுவது மத்திய அரசு என்பதால் நாமக்கல் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் நகல் போகட்டும். மாநில மகளிர் ஆணையத்தையும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் சொந்தப் பங்குக்கு வழக்காட நேர்ந்தால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். 1987 சட்டப்படி பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் இதற்கு வருமான வரம்பு கிடையாது. 15100க்கு அழைக்கலாம்.

6. ஜெனிவா வரைக்கும் ஒரு வழி உண்டு

பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993இல் ஏற்றது. அதன் 14ஆம் பிரிவு கிராமப் பெண்களுக்கானது. தனி ஆள் புகாருக்கு இடம் தரும் விருப்ப நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. ஆனால் இந்திய அரசின் அறிக்கையை ஐ.நா. குழு ஆராயும்போது, பெண்கள் அமைப்புகளும் தங்கள் மாற்று அறிக்கையைக் கொடுக்கலாம். உங்கள் தீர்மான நகல், தகவல் மனுவுக்கு வந்த பதில், வராத பதிலின் தபால் ரசீது ஆகியவை அதில் சான்றுகளாக ஏறும்.

அடுத்த கிராமசபைக்குள் முதல் இரண்டு படிகளை முடித்துவிடுங்கள். மனுவை ஒருவர் எழுதினாலும், சிற்றூருக்கு ஒன்றாகத் தனித்தனி பேரில் போகட்டும். ஒரே கேள்வி பல ஊரிலிருந்து வந்தால் கோப்பைத் திறந்துதான் ஆகவேண்டும். இந்தப் பங்கு யாரும் இரங்கிக் கொடுக்கும் சீதனமல்ல. நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்ட நியாயம். கொடுக்கவேண்டியவர்கள் நாள் குறிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.