கரன்ட் வைப்பதா, காலுக்கு வேலை கொடுப்பதா?

மகா சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நடக்கும் நாட்டியாஞ்சலிக்கு, 1981 முதல் ஆண்டுதோறும் ஊர் ஊராக நடனக் கலைஞர்கள் வந்து ஆடுகிறார்கள். மணிக்கணக்கில், முழங்கால் மடக்கிய அரைமண்டியில் நின்று பழகிய முழங்கால்கள் அவர்களுடையவை. அதே கடலூர் மாவட்டத்தில் கபடி ஆடும் மாணவனுக்கும், சேற்றில் நின்று நாற்று நடும் பெண்ணுக்கும், படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடும் ஓய்வுபெற்ற வாத்தியாருக்கும் முழங்கால் வலிக்கிறது. ஒருவருக்குச் சரிப்பட்ட வைத்தியம் இன்னொருவருக்குச் சரிப்படாது.

முதலில் அவசரமானவை. அடிபட்டவுடன் நான்கு எட்டு வைக்க முடியவில்லை, முழங்காலை 90 டிகிரி மடக்க முடியவில்லை, அடிபட்டவருக்கு வயது 55 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். காய்ச்சலோடு மூட்டு சிவந்து கொதித்தாலோ, மடங்கிய கால் அப்படியே மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். கட்டுப் போடுகிறவரிடம் போய் உருவிவிடச் சொல்லும் நேரம் அதுவல்ல.

மற்றவர்கள் எங்கே போவது? கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில், 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இப்போது அரசிடம் இருக்கும் அண்ணாமலை நகர் மருத்துவமனை. அரசு மருத்துவமனையில் செலவு மிகக் குறைவு, எலும்பு மருத்துவரும் அதே வளாகத்தில் இருப்பார். ஆனால் காத்திருக்க வேண்டும், பஸ் ஏறி வந்துபோவதில் அரை நாள் கூலி போய்விடும். தனியார் பிசியோவிடம் மாலையில் போகலாம், காசு கூடுதல். நடமாட முடியாத முதியவர் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துவைக்க வேண்டும்.

இடத்தைவிட முக்கியம், அங்கே என்ன செய்கிறார்கள் என்பது. பலருக்குப் பிசியோதெரபி என்றால் 'கரன்ட் வைப்பது'தான். படுக்க வைத்து, மூட்டைச் சுற்றிப் பட்டைகளை ஒட்டி, இருபது நிமிடம் சுருசுருவென்று ஓட விடுவார்கள். அப்போதைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் மூட்டுத் தேய்மானத்துக்கு இதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று 2022இல் வெளிவந்த பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் ஒதுக்கிவிட்டது. உடற்பயிற்சியை எல்லோருக்கும் சொல்லச் சொன்னது. ஆகவே பத்து நாள் கரன்டுக்குப் பணம் கட்டச் சொல்லும் இடத்தைவிட, தொடையை அளந்து பார்த்து, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொல்லி, அடுத்த வாரம் அதையே மறுபடி சோதிக்கும் இடம் மேல்.

பயிற்சி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, ஐந்து எண்ணும்வரை அதைக் கீழே அழுத்த வேண்டும். தொடையின் முன்பக்கம் கல்லாக இறுகினால் சரியாகச் செய்கிறோம் என்று பொருள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது. பயிற்சியின்போது கொஞ்சம் வலித்தால் பயமில்லை. மறுநாள் காலையிலும் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் எட்டிலும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அரைமண்டியில் பாதங்கள் விரிவது இடுப்பிலிருந்து வர வேண்டும். இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். முட்டிச்சில்லு கால்விரல்கள் போகும் திசையிலேயே போகிறதா என்று கண்ணாடியில் பார்த்தாலே தெரிந்துவிடும். கபடிக்காரருக்குக் குதித்து இறங்குவதும் சட்டென்று திரும்புவதும்தான் ஆபத்து. அவர் தொடையின் பின்தசைக்கும் ஒற்றைக்காலில் நிற்பதற்கும் பயிற்சி கேட்க வேண்டும். முழங்கால் உறை (knee cap) மாட்டிக்கொண்டால் போதும் என்பது வெறும் தைரியம்.

'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று ஸ்கேன் சொன்னதும் அறுவைக்கு நாள் குறிக்கத் தேவையில்லை. 2010இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், முன் சிலுவைத் தசைநார் (ஏசிஎல் ஜவ்வு) கிழிந்த இளைஞர்களில் 59 பேருக்கு முதலில் பயிற்சி மட்டுமே கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் 36 பேருக்கு அந்தத் தசைநாரைச் சீரமைக்கும் அறுவையே வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கால் அடிக்கடி நழுவுகிறது, மறுபடி களத்தில் இறங்கியே ஆக வேண்டும் என்பவருக்கு அறுவைதான் பொருத்தம்.

முற்றிய தேய்மானத்தில் தராசு மாறுகிறது. 2015இல் வந்த டென்மார்க் ஆய்வில், மூட்டு மாற்று செய்துகொண்டவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம். பயிற்சி, எடைக் குறைப்பு போன்ற அறுவையில்லாத சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அந்த ஓராண்டுக்குள் அறுவைக்குப் போகவில்லை. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் இரவில் தூக்கம் கெடுகிறது, வாசல்வரைகூட நடக்க முடியவில்லை என்றால் தள்ளிப்போடுவதில் லாபமில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதோடு இன்னொன்றையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்: வீடு திரும்பிய பிறகு, வலிக்கிற அந்தக் காலை மடக்கி நீட்டவைக்க யார் வருவார்கள், எத்தனை வாரம்?