இருட்டில் வளர்ந்த பயறு ஏன் உயரம்?

ரெண்டு டம்ளர், கொஞ்சம் பஞ்சு, ராத்திரி ஊறவச்ச பச்சைப்பயறு பத்து. ஈரப் பஞ்சின் மேல் ஐந்தைந்தாகப் போடுங்க. ஒன்றை ஜன்னலோரம் வைங்க, இன்னொன்றை அட்டைப்பெட்டியால் மூடிடுங்க. இரண்டுக்கும் தினமும் ஒரே அளவு தண்ணீர். வெளிச்சம் மட்டும்தான் மாறணும்.

ஒரு வாரம் கழிச்சு ஸ்கேல் வச்சு அளந்தா, இருட்டில் இருந்ததுதான் உயரம்! உடனே "வெளிச்சமே வேண்டாம்"னு முடிவு எழுதிடாதீங்க. நல்லா பாருங்க: வெளிறிய மஞ்சள், மெலிந்த தண்டு, சரியா விரியாத இலை. மண்ணுக்கடியில் இருக்கிற முளை மாதிரி, விதையின் சேமிப்பை வெளிச்சம் தேடி நீளவே செலவழிச்சிருக்கு. பச்சையம் உருவாகவும் வெளிச்சம் வேணும். அது இல்லாம புதுச் சாப்பாடு தயாரிக்க முடியாது. சேமிப்பு தீர்ந்தா செடி காலி.

இப்போ பெட்டியை எடுத்துடுங்க, ரெண்டு நாளில் பச்சை ஏறும். உயரம் மட்டுமே வளர்ச்சி இல்லை. அளக்கிறதுக்கு முன்னாடி, எதை அளக்கணும்னு யோசிங்க.